காரகல்லா குளியல் மாளிகை: ரோம் போகும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ரோமுக்கு வரும் உறவினர், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று யார் வந்தாலும் அவர்களைக் காரகல்லா குளியல் மாளிகைக்கு அழைத்துப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில் கேட்பதும் சரி, உள்ளே நின்றுகொண்டு கேட்பதும் சரி, சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். அவரவர் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது என்ன இடம்? கோயிலா, அரண்மனையா?

இரண்டும் இல்லை. ஊர்மக்கள் குளிப்பதற்காக அரசு கட்டிய கட்டடம். கி.பி. 211-212 வாக்கில் வேலை தொடங்கி 216இல் பேரரசர் காரகல்லா காலத்தில் திறக்கப்பட்டது. நடுவில் இருக்கும் கட்டடம் மட்டுமே சுமார் 214 மீட்டர் நீளம், 110 மீட்டர் அகலம். அதைச் சுற்றித் தோட்டம், நூலகங்கள், தண்ணீர்த் தொட்டிகள், அதற்கும் வெளியே பக்கத்துக்கு 300 மீட்டருக்கு மேல் நீளமான மதில். மதில் வேலையைக் காரகல்லாவுக்குப் பின் வந்த அரசர்கள்தான் முடித்தார்கள்.

குளிப்பது ஒரு சாக்கு என்றே சொல்லலாம். உடற்பயிற்சி, பந்து விளையாட்டு, அரட்டை, வியாபாரப் பேச்சு, தின்பண்டம் என்று மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை ஆள் இங்கேயே இருப்பார்.

கொலோசியம் பார்த்தாச்சு. இதையும் பார்க்கணுமா? இதுவும் செங்கல் சுவர்தானே?

பார்க்கணும். கொலோசியத்தில் வரிசையில் நின்று, கூட்டத்தோடு நகர்ந்து, பத்துப் பேர் தலைக்கு மேல் கையைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டு வருவோம். இங்கே ஒரு கூடத்தின் நடுவில் தனியாக நின்று அண்ணாந்து பார்க்கலாம். சில சுவர்கள் இன்றும் முப்பது மீட்டருக்கு மேல் நிற்கின்றன. ரோமானியர் எவ்வளவு பெரிதாக யோசித்தார்கள் என்பது இங்கே கழுத்து வலிக்கும்போது புரியும்.

ஆனால் ஒன்று. எந்த அறை எதற்கு என்று தெரியாமல் போனால் நீங்கள் சொல்வது போல வெறும் செங்கல் சுவர்தான். குளிக்க வந்தவர் எந்த வரிசையில் நடந்தாரோ அதே வரிசையில் நடந்தால்தான் இந்த இடம் பேசும். அந்த வரிசையைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

எப்படிப் போவது? டிக்கெட் எவ்வளவு?

மெட்ரோ பி தடத்தில் சிர்கோ மாசிமோ நிலையம். வெளியே வந்ததும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் பெரிய வெள்ளைக் கட்டடம் தெரியும். அதைத் தாண்டி மரங்கள் நிற்கும் அகலச் சாலையில் பத்து நிமிட நடை. கொலோசியத்திலிருந்து நடந்தே வருவதானால் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

கொலோசியம் டிக்கெட் இங்கே செல்லாது. தனியாக வாங்க வேண்டும், ஆனால் விலை அதைவிடக் குறைவு. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். திங்கட்கிழமை பொதுவாக மூடியிருக்கும். மூடும் நேரம் சூரியன் மறைவதைப் பொறுத்து மாதத்துக்கு மாதம் மாறும், டிக்கெட் ஜன்னலை அதற்கு முன்பே சாத்திவிடுவார்கள். அதனால் போகும் முன் அதிகாரபூர்வத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் ஒதுக்கணும்? வெயில் எப்படி?

ஒன்றரை மணி நேரம் தாராளம். ஜூலை, ஆகஸ்டில் நடுப்பகலில் போகாதீர்கள். கூரை போய் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிவிட்டது, நிழல் என்றால் சுவரின் நிழல்தான். தொப்பியும் தண்ணீரும் அவசியம். பக்கத்தில் கடைகள் அதிகம் கிடையாது, சாப்பிட்டுவிட்டே வாருங்கள். மாலை வெயில் செங்கல்லில் சாய்வாக விழும் நேரம் படம் எடுக்கிறவர்களுக்கு நல்ல நேரம்.

அம்மாவுக்கு முட்டி வலி. படி ஏறணுமா?

மேலே உள்ள பகுதிகளில் பெரும்பாலும் சமதளம்தான். பாலட்டீன் மலை போல ஏற்றம் இல்லை. சில இடங்களில் தரை மேடு பள்ளமாக இருக்கும், செருப்பைவிட ஷூ நல்லது. தோட்டத்தில் உட்கார இடம் உண்டு. நிலத்தடிப் பகுதிக்கு மட்டும் படி இறங்க வேண்டும்.

இப்பவும் அங்கே குளிக்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத குழந்தையே இல்லை, பெரியவர்களிலும் பாதிப் பேர் கேட்பார்கள். முடியாது. 537இலேயே தண்ணீர் நின்றுவிட்டது. 2024இல் ஆழமில்லாத ஒரு நீர்ப்பரப்பு அமைத்தார்கள். அது சுவர்களும் வானமும் பிரதிபலிப்பதைப் பார்ப்பதற்கு, குளிப்பதற்கு அல்ல.

சரி, அவங்க எந்த வரிசையில குளிச்சாங்க?

முதலில் உடை மாற்றும் அறை. அப்புறம் பலேஸ்ட்ரா என்ற உடற்பயிற்சி முற்றம். அங்கே ஓடி ஆடி வியர்த்த பிறகு, வெப்பம் ஏறும் அறைகள் வழியாகக் கால்டேரியம் என்ற வெந்நீர்க் கூடம். அடுத்து டெபிடேரியம் என்ற வெதுவெதுப்பான அறை, பிறகு ஃபிரிஜிடேரியம் என்ற குளிர்நீர்க் கூடம், கடைசியாகத் திறந்தவெளி நீச்சல் குளம். எல்லோரும் இதே வரிசையைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று இல்லை. ஆனால் கட்டடம் இந்த நடைக்காகவே அமைந்தது.

கட்டடத்தின் நடுவே ஒரு கோடு போட்டால் இருபக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். உடை மாற்றும் இடம், பலேஸ்ட்ரா எல்லாம் இரண்டிரண்டு. இது தெரியாமல் பலர், 'இங்கேதானே இப்ப வந்தோம்?' என்று குழம்புவார்கள். நடுக்கோட்டில் இருக்கும் கால்டேரியம், டெபிடேரியம், ஃபிரிஜிடேரியம், நீச்சல் குளம் நான்கும் மட்டுமே ஒற்றை.

வெந்நீர்க் கூடத்தில் நிற்காமல் வந்துவிடாதீர்கள். வட்டமான கூடம், மேலே சுமார் 35 மீட்டர் விட்டத்தில் குவிமாடம் இருந்தது. ரோமிலேயே இருக்கும் பாந்தியன் என்ற பழைய கோயிலின் குவிமாடம் 43 மீட்டர், அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. தாங்கி நின்ற எட்டுத் தூண்களில் இரண்டின் எச்சம்தான் இப்போது உயரமாகத் தெரிகிறது. இந்தக் கூடத்தை மட்டும் கட்டடத்திலிருந்து தென்மேற்கே பிதுங்கிக்கொண்டு நிற்கும்படி கட்டியிருக்கிறார்கள். மதியத்துக்கு மேல்தான் கூட்டம் வரும், அப்போது சூரியன் அந்தப் பக்கம். பெரிய ஜன்னல்கள் வழியே வெயிலையும் சேர்த்தே அறையைச் சூடாக்கினார்கள்.

சோப்பு இல்லாம எப்படிக் குளிச்சாங்க?

எண்ணெய். நம் ஊர் எண்ணெய்க் குளியல் போலத்தான், சீயக்காய்க்குப் பதிலாக ஸ்டிரிஜில் என்ற வளைந்த உலோகச் சுரண்டி. எண்ணெய், வியர்வை, அழுக்கு எல்லாவற்றையும் அதனால் வழித்து எடுப்பார்கள். முதுகுக்கு இன்னொரு கை வேண்டும். வசதியானவர் அடிமையைக் கூட்டி வருவார்.

ஹாட்ரியன் பேரரசரைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. குளியல் மாளிகை ஒன்றில் முன்னாள் படைவீரர் ஒருவர் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தாராம். தேய்த்துவிட ஆள் இல்லை என்றதும் அரசர் அவருக்கு அடிமைகளையும் அவர்களைப் பராமரிக்கப் பணமும் கொடுத்தார். அடுத்த முறை அரசர் வந்தபோது கிழவர்கள் பலர் வரிசையாகச் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். 'ஒருவருக்கொருவர் தேய்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

யார் யார் வரலாம்? பெண்களும் சேர்ந்தா குளிச்சாங்க?

ஏழை, பணக்காரர், அடிமை என்று எல்லோரும் வந்தார்கள். கட்டணம் இருந்த குளியல் இடங்களிலும் அது மிகச் சிறிய செப்புக்காசுதான்.

பெண்களும் வந்தார்கள். இங்கே அவர்களுக்குத் தனிப் பகுதி இல்லை, அதனால் தனி நேரம் ஒதுக்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கக் கூடாது என்று ஹாட்ரியன் தடை போட்டார், மார்க்கஸ் அரேலியஸ் போட்டார், அலெக்சாண்டர் செவெரஸும் போட்டார். ஒரே தடையை இத்தனை பேர் போட வேண்டியிருந்தது என்றால் ஊரில் எவ்வளவு மதித்தார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? எப்படிச் சூடாக்கினாங்க?

மார்சியா என்ற பழைய நீர்வழியிலிருந்து இந்த மாளிகைக்கென்றே ஒரு கிளை வெட்டினார்கள். அது ஆப்பியன் சாலையைக் கடந்த இடத்தில் 'துருசுஸ் வளைவு' என்று இன்று அழைக்கப்படும் வளைவு நிற்கிறது. ஆர்வமிருந்தால் நடந்து போய்ப் பார்க்கலாம். தண்ணீர் பின்பக்கத் தொட்டிகளில் தேங்கி, ஈயக் குழாய்கள் வழியாகக் கீழே இறங்கியது.

சூடாக்குவதில்தான் கைவண்ணம். சூடான அறைகளின் தரை மண்ணில் படியாது. குட்டையான செங்கல் தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கும். நிலத்தடியில் விறகு எரியும், அந்த வெப்பக் காற்று தூண்களுக்கு இடையே ஓடி, சுவருக்குள் பதித்த உள்ளீடற்ற ஓடுகள் வழியே மேலே ஏறும். காலடியும் சூடு, சுவரும் சூடு. வெறுங்காலோடு நடக்க முடியாமல் மரக்கட்டைச் செருப்பு போட்டுக்கொண்டார்கள்.

கீழே சுரங்கம் இருக்காமே? போகலாமா?

இருக்கிறது. எனக்கு இந்த இடத்தில் மிகப் பிடித்தது அதுதான். மேலே பளிங்கில் ஆட்கள் சாவகாசமாக நடந்துகொண்டிருக்க, கீழே வண்டி போகும் அகலத்தில் சுரங்கப் பாதைகள். அங்கே விறகு அடுக்கினார்கள், உலைக்குத் தீ போட்டார்கள், குழாய்களைக் கவனித்தார்கள். தண்ணீர் வேகத்தில் சுழலும் மாவு ஆலைகூட இருந்தது. செய்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். புகை, இருட்டு, சூடு. மேலே குளித்தவர்கள் அவர்களைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். கட்டடத்தை அப்படித்தான் அமைத்தார்கள்.

அதே நிலத்தடியில் மித்ரா என்ற கடவுளின் வழிபாட்டுக் கூடம் இருக்கிறது. 1912இல் கண்டுபிடித்தார்கள், ரோமில் உள்ளவற்றில் மிகப் பெரியவற்றில் ஒன்று. இருபக்கமும் திண்ணை, தரையில் ஓர் ஆள் இறங்கும் அளவு பள்ளம். பலி கொடுத்த காளையின் ரத்தம் கீழே நிற்பவர் மேல் கொட்டும் என்று சில வழிகாட்டிகள் உற்சாகமாகச் சொல்வார்கள். ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. கீழ்ப்பகுதி எல்லா நாளும் திறந்திருக்காது, பெரும்பாலும் வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எல்லாமே மொட்டைச் சுவரா இருக்கே. பளிங்கு, சிலை எல்லாம் எங்கே போச்சு?

ஊர் ஊராகப் போய்விட்டது. செங்கல்லும் காங்கிரீட்டும் உள்ளே இருந்த உடம்பு. வெளியே கண்ணில் பட்டது முழுக்கப் பளிங்கு. சுவரில் வரிசையாகத் தெரியும் ஓட்டைகளைப் பாருங்கள், பளிங்குப் பலகைகளைப் பிடித்திருந்த உலோகக் கொக்கிகளைப் பிடுங்கிய இடங்கள் அவற்றில் நிறைய.

பெரிய வேட்டை 1540களில் நடந்தது. மூன்றாம் பால் என்ற போப், ஃபர்னேஸே குடும்பத்துக்காரர், தன் குடும்ப மாளிகையை அலங்கரிக்க இங்கே தோண்டச் சொன்னார். கிடைத்ததில் ஃபர்னேஸே காளை, ஃபர்னேஸே ஹெர்குலிஸ் இரண்டும் இப்போது நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூன்று மீட்டருக்கு மேல் உயரமான ஹெர்குலிஸ் கிடைத்தபோது அதற்குக் கால் இல்லை. தெல்லா போர்த்தா என்ற சிற்பி புதுக் கால் செய்து ஒட்டினார். பிறகு அசல் கால்களே கிடைத்தன. ஆனால் புதுக் கால்களே இருக்கட்டும் என்று மைக்கேலாஞ்சலோ சொன்னதாகக் கேள்வி. வெகு காலம் கழித்துத்தான் அசல் கால்கள் சிலைக்கு வந்து சேர்ந்தன.

ரோமிலேயே ஃபர்னேஸே சதுக்கத்தில் இரண்டு நீரூற்றுகளாக நிற்கும் பெரிய கிரானைட் தொட்டிகள் குளியல் மாளிகைத் தொட்டிகள்தாம். ஃபிளாரன்ஸில் சாந்தா த்ரினித்தா சதுக்கத்து ஒற்றைத் தூணும் இங்கிருந்து போனது. ஒரே கட்டடத்தைப் பார்க்க மூன்று ஊர் சுற்ற வேண்டும்.

அப்படின்னா உள்ளே பார்க்க மிச்சம் என்ன இருக்கு?

தரை. மேலேயே பார்த்துக்கொண்டு போகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். பலேஸ்ட்ராவில் மீன் செதில் அடுக்கியது போன்ற மொசைக், மஞ்சளும் பச்சையும் சிவப்புமாக, பல இடங்களில் அப்படியே இருக்கிறது. சுவரோரம் பெரிய பெரிய மொசைக் துண்டுகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். கறுப்பு வெள்ளையில் கடல் விலங்குகள். அவை மேல்மாடித் தரையிலிருந்து கட்டடம் சரிந்தபோது விழுந்தவை. தலைக்கு மேல் இன்னொரு தளம் இருந்தது என்பதற்கு அதைவிட நேரடிச் சாட்சி கிடையாது. இங்கே கிடைத்த விளையாட்டு வீரர் மொசைக்கை மட்டும் வாத்திகன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நீச்சல் குளத்து ஓரத்தில் ஒரு பளிங்குக் கல்லைத் தேடிப் பாருங்கள், குழி குழியாக இருக்கும். தூரத்திலிருந்து கொட்டையையோ கோலியையோ எறிந்து குழியில் விழவைக்கும் ஆட்டம். இத்தனை பிரம்மாண்டத்துக்கு நடுவே யாரோ பொழுது போகாமல் விளையாடிய இடம் அது.

ஒரு இடத்துல 1,600 பேர்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 8,000 பேர்னு. எது சரி?

இரண்டும் வேறு வேறு கணக்கு. இங்கே 1,600 பளிங்கு இருக்கைகள் இருந்ததாக 5ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஒலிம்பியோடோரஸ் எழுதினார். ஒரே நேரத்தில் அத்தனை பேர் குளித்தார்கள் என்று பிறகு அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கில் வரும் மற்ற எண்கள் ஒரு நாள் முழுக்க வந்துபோகக்கூடியவர்களைப் பற்றி இந்தக் காலத்தவர் போட்ட மதிப்பீடு. பலகையைப் படிக்கும்போது 'ஒரே நேரத்திலா, ஒரு நாளைக்கா' என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

இவ்வளவு பேர் ஒரே தண்ணியில குளிச்சா சுத்தமாவா இருந்திருக்கும்?

இருந்திருக்காது. மார்க்கஸ் அரேலியஸ் தன் குறிப்பேட்டில் குளியல் நீர் என்றால் எண்ணெய், வியர்வை, அழுக்கு, பிசுபிசுப்பு என்று முகம் சுளித்து எழுதியிருக்கிறார். ஆறாத புண்ணோடு குளியலுக்குப் போகாதே, புண் அழுகிவிடும் என்று மருத்துவ நூலாசிரியர் செல்சுஸ் எச்சரித்தார்.

அமைதியும் கிடையாது. இந்த மாளிகைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தைய ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா, ஒரு குளியல் இடத்துக்கு மேல்மாடியில் குடியிருந்து பட்ட பாட்டைக் கடிதமாக எழுதினார். எடை தூக்குபவர் முனகுவது, மசாஜ் செய்யும் கை சப்தம், குளத்தில் தொபீரென்று குதிப்பது, தொத்திறைச்சி விற்பவர் கூவுவது எல்லாம் அதில் உண்டு. அக்குள் முடி பிடுங்குபவர் ஆள் பிடிக்கக் கத்துவாராம், ஆள் கிடைத்த பின் அந்த ஆள் கத்துவாராம்.

காரகல்லா தம்பியையே கொன்றவராமே. அவர் ஏன் ஊருக்கு இதைக் கட்டினார்?

அதனால்தான் என்று ஒரு வரியில் சொல்லலாம், ஆனால் முழு உண்மை அது இல்லை. 211 டிசம்பரில் தம்பி கெத்தாவைக் கொல்லவைத்தார், 212இல் பேரரசின் சுதந்திர மனிதர்கள் எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தார், 216இல் இதைத் திறந்தார், 217இல் போர்ப் பயணத்தில் தன் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். கெட்ட பெயரை மறைக்க ஊர் மெச்சும் கட்டடம் உதவியிருக்கும். அதே சமயம், குளியல் மாளிகை கட்டுவது டைட்டஸ், திராஜான் காலத்திலிருந்தே பேரரசர்களிடம் மக்கள் எதிர்பார்த்த கடமை. திட்டமே தந்தை செப்டிமியுஸ் செவெரஸ் காலத்தில் தொடங்கியிருக்கலாம் என்பவர்களும் உண்டு.

அப்புறம் ஏன் கைவிட்டாங்க?

முந்நூறு ஆண்டுக்கு மேல் ஓடியது. 537இல் கோத் அரசன் விட்டிகேஸ் ரோமை முற்றுகையிட்டு நீர்வழிகளை வெட்டினான். தண்ணீர் இல்லாத குளியல் மாளிகைக்கு என்ன வேலை? மக்கள்தொகையும் சுருங்கி, ஊர் ஆற்றங்கரைப் பக்கம் ஒதுங்கிவிட்டது. 847இல் வந்த நிலநடுக்கம் நிறையச் சாய்த்தது. மிச்சத்தைச் செய்தவர்களைப் பற்றி மேலே பளிங்குக் கேள்வியில் சொல்லியாயிற்று.

கோடையில் போனோம். பெரிய மேடை, இரும்புச் சட்டம், நாற்காலி. படமே எடுக்க முடியல. ஏன் இப்படி?

ரோம் ஓப்பராவின் கோடைக் கச்சேரிகள். 1937இல் தொடங்கியது. 1990 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு பவரொத்தி, டொமிங்கோ, கரேராஸ் மூவரும் சேர்ந்து பாடியது இங்கேதான். இசையை நடத்தியவர் மும்பையில் பிறந்த ஜூபின் மேத்தா. 1960 ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸும் இங்கேயே நடந்தது.

முன்பு மேடை கால்டேரியத் தூண்களுக்கு நடுவிலேயே இருந்தது. சுவர்களைக் காப்பாற்றத் தள்ளிப் போட்டார்கள். அந்தத் தூண்களைப் பின்னணியாக வைத்துப் பார்ப்பது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இடிபாட்டைப் பார்க்க மட்டும் வருபவர்கள் ஏப்ரல், மே, அக்டோபரில் வந்தால் நல்லது.

கூரையோட இருக்கிற ரோமானியக் குளியல் மாளிகை எதுவும் இல்லையா?

டெர்மினி ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. டயோக்ளீஷியன் கட்டியது, இதைவிடப் பெரியது. அதன் நடுக்கூடத்தை மைக்கேலாஞ்சலோ தேவாலயமாக மாற்றினார், இன்றைக்கும் சாந்தா மரியா தெல்லி ஆஞ்சலி என்ற பெயரில் வழிபாடு நடக்கிறது. இங்கே ஃபிரிஜிடேரியத்தில் அண்ணாந்து பார்த்தால் வானம். அதே மாதிரியான கூடத்தில் அங்கே அண்ணாந்து பார்த்தால் ரோமானியர் போட்ட வளைகூரை. முடிந்தால் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

இந்தக் கட்டடத்தோடு இல்லை. இழுத்துப் பிடித்து எதையும் ஒட்ட வேண்டாம். பழைய சேரநாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து கப்பலேறிய மிளகின் தடம் வேண்டுமானால், பழைய ரோமின் நடுச் சதுக்கமான ஃபோரம் பக்கம் போங்கள். டோமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் அங்கே இருந்தன, பிறகு அவற்றின் மேல் மாக்ஸெண்டியுஸ் மண்டபம் எழுந்தது.

தரையில சின்னதா ஒரு மொசைக் கல் பெயர்ந்து கிடந்தது. நினைவுக்கு எடுத்துக்கலாமா?

கூடாது. இத்தாலியில் அது குற்றம், விமான நிலையத்தில் பையில் கிடைத்தால் வம்பு. 'போப் ஒரு சிலைக்கூடத்தையே அள்ளிக்கொண்டு போனார், நான் ஒரு கல் எடுத்தால் தப்பா?' என்று ஒரு சித்தப்பா என்னிடம் வாதாடினார். வாதம் நன்றாகத்தான் இருந்தது. கல்லை வாங்கிக் காவலரிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் கண்ணில் பட்டாலும் கல்லைத் தொடாமல், இடத்தை மட்டும் காவலருக்குக் காட்டுங்கள். எங்கிருந்து பெயர்ந்தது என்று தெரிந்தால்தான் அதே இடத்தில் திருப்பிப் பதிக்க முடியும்.